அரங்கு யாருக்கு?

1990ஆம் ஆண்டு மே மாதம் மெக்சிகோ நகரத்தில் ஒரு பாடகர் பாடினார். பாடகர் பாடுவது ஒரு செய்தியா? அன்று. ஆனால் அவர் பாடிய இடம் செய்தியாயிற்று. அந்நாட்டின் நுண்கலை மாளிகையாகிய பெல்லாஸ் ஆர்ட்டெஸ் அரங்கிலே அவர் பாடினார். அவருக்குப் பின்னால் நாட்டின் தேசிய இசைக்குழு அமர்ந்திருந்தது. என்ரிக்கே பட்ரோன் தெ ருவேதா என்னும் இசைநெறியாளர் கோல் அசைத்தார்.

அந்தச் செய்தி பரவியதும் படித்தவர் நடுவே பெரும் பூசல் எழுந்தது. "சிம்பனி ஒலிக்கும் இடத்தில் சந்தைப் பாட்டா? ஆப்பெரா பாடும் மேடையில் மினுக்கு உடை உடுத்த ஒருவரா? இது கலைக்கோயிலைக் கறைப்படுத்தும் செயல்" என்று வாதிட்டனர் பலர். "மக்கள் வரிப்பணத்தில் எழுந்த மாளிகையில் மக்கள் பாடகர் பாடக் கூடாதா?" என்று எதிர்வாதம் செய்தனர் வேறு பலர்.

அந்தப் பாடகரின் பெயர் ஹுவான் கபிரியேல். தாமே பாட்டு எழுதி, தாமே மெட்டமைத்து, தாமே பாடியவர். மெக்சிகோ எங்கே, நாம் எங்கே, இந்தப் பழைய பூசல் நமக்கு எதற்கு என்று நண்பர்கள் கேட்கலாம். தொலைவில் இருப்பதாலேயே இது நமக்குப் பயன்படும் என்பது என் எண்ணம். நம் ஊர்ப் பாட்டைப் பற்றிப் பேசத் தொடங்கினால், பாடினவர் யார், எந்த ஊர், எந்தக் கட்சி, எந்தக் குலம் என்று நம்மை அறியாமலே தராசின் ஒரு தட்டில் விரல் வைத்துவிடுகிறோம். மெக்சிகோ நாட்டுப் பாடகரின் வழக்கில் நமக்கு உறவும் இல்லை, பகையும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளை எடைபோடுவது போல் எடைபோடலாம். ஒரு பாட்டு உயர்ந்ததா தாழ்ந்ததா என்பதை எதைக் கொண்டு முடிவு செய்வது? இதுவே நான் எடுத்துக்கொண்ட கேள்வி.

முதலில் அவர் வாழ்வைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

அல்பெர்டோ அகிலேரா வலாடெஸ் என்பது பெற்றோர் இட்ட பெயர். 1950ஆம் ஆண்டு ஜனவரி 7ஆம் நாள் மிச்சோவாகான் மாநிலத்துப் பராக்குவாரோ என்னும் சிற்றூரில், உழவர் குடும்பத்தில், பத்துப் பிள்ளைகளில் கடைசிப் பிள்ளையாகப் பிறந்தார். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை மனநோய்க்கு ஆளாகி மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். தாய் விக்டோரியா பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வடக்கே, அமெரிக்க எல்லையை ஒட்டிய ஹுவாரெஸ் நகரத்துக்குப் பிழைக்கப் போனார். வீட்டு வேலை செய்தார். வேலைக்குப் போகும் தாய் கடைசிப் பிள்ளையை யாரிடம் விடுவாள்? ஐந்து வயதில் அச்சிறுவன் ஆதரவற்ற பிள்ளைகளுக்கான விடுதிப் பள்ளி ஒன்றில் விடப்பட்டான். ஏறத்தாழ எட்டு ஆண்டுகள் அங்கேதான் வளர்ந்தான்.

'வறுமையே கவிஞனை வளர்த்தது' என்று எழுதும் வழக்கம் ஒன்று நம்மிடையே உண்டு. நான் அதை ஏற்பதில்லை. வறுமை யாரையும் கவிஞனாக்கியதில்லை. அப்படி ஆக்குமானால் உலகில் கவிஞரல்லாத மனிதரே இருக்க முடியாது. அதே விடுதியில் அதே கஞ்சியைக் குடித்து வளர்ந்த எத்தனையோ பிள்ளைகளின் பெயர் நமக்குத் தெரியாது. அல்பெர்டோவுக்கு வாய்த்தது வேறொன்று. அங்கே ஹுவான் கொன்ட்ரெராஸ் என்னும் முதியவர் இருந்தார். தகரவேலை கற்றுக்கொடுப்பவர், இசையும் தெரிந்தவர். அவர் அச்சிறுவனுக்குத் தகரத்தை வளைக்கவும் கற்றுக்கொடுத்தார். தாளத்தைப் பிடிக்கவும் கற்றுக்கொடுத்தார். பதின்மூன்று வயதளவில் அச்சிறுவன் பாட்டுக் கட்டத் தொடங்கினான். பின்னாளில் மேடைக்கு ஒரு பெயர் வேண்டியிருந்தபோது, ஆசிரியர் பெயரிலிருந்து 'ஹுவான்' என்பதை எடுத்தார். தம் தந்தையின் பெயராகிய 'கபிரியேல்' என்பதை அதனோடு சேர்த்தார். எடுத்து வளர்த்தவருக்கும், வளர்க்க முடியாமற் போனவருக்கும் ஒரே பெயரில் நன்றி செலுத்திவிட்டார்.

பள்ளியை விட்டு வந்தபின் ஹுவாரெஸ் நகரத்து மதுக்கூடங்களில் பாடினார். அவற்றுள் ஒன்று 'நோவா நோவா'. எல்லைப்புற நகரத்தில் மதுக்கூடப் பாடகன் என்றால் மதிப்பு எப்படி இருக்கும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை. தலைநகரத்துக்குப் போய் இசைத்தட்டு நிறுவனங்களின் கதவைத் தட்டினார். கதவு திறக்கவில்லை, சிறைக்கதவு திறந்தது. திருட்டுக் குற்றச்சாட்டின்பேரில் லெக்கும்பெரி சிறையில் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு கிடந்தார். என்ரிக்கேட்டா ஹிமேனெஸ் என்னும் பாடகியும் வேறு சில நல்லவர்களும் முயன்று அவரை வெளிக்கொணர்ந்தனர். அந்தச் சிறை 1976இல் மூடப்பட்டது. 1982இல் நாட்டின் ஆவணக் காப்பகம் அக்கட்டடத்துக்குக் குடிபெயர்ந்தது. ஒரு காலத்தில் வேண்டாதவரை அடைத்த கட்டடத்தில் பின்னர் வேண்டிய ஏடுகளைப் பாதுகாத்தனர்! காலம் சில வேளைகளில் இப்படியும் நகையாடும்.

1971இல் ஆர்.சி.ஏ. நிறுவனம் அவர் பாட்டை இசைத்தட்டில் பதித்தது. 'நோ தெங்கோ தினேரோ' என்பது முதல் வெற்றி. 'என்னிடம் பணம் இல்லை' என்று பொருள். காதலிக்குக் கொடுக்க அன்பைத் தவிர ஒன்றுமில்லாத இளைஞனின் பாட்டு. அப்படிப்பட்ட இளைஞர் மெக்சிகோவில் மட்டுமா இருக்கிறார்கள்? நம் விடுதியிலேயே எண்ணிப் பார்க்கலாம். 1974இல் மரியாச்சி என்னும் நாட்டு இசைக்குழுக்களில் பெயர்பெற்ற 'வர்காஸ் தெ தெகாலித்லான்' குழுவோடு சேர்ந்து ரஞ்சேரா பாடல்களைப் பதித்தார். ரஞ்சேரா என்பது அந்நாட்டுச் சிற்றூர் மணம் உடைய பாட்டு வகை. அதன் பின் இருபதாண்டு, முப்பதாண்டு, நாற்பதாண்டு என்று அவர் புகழ் இறங்கவே இல்லை. எழுதிய பாடல்கள் ஆயிரத்து எண்ணூறு என்று கணக்குச் சொல்வர். அவற்றில் எல்லாம் பொன் என்று நான் சொல்ல மாட்டேன். அத்தனை எழுதினால் பித்தளையும் இருக்கத்தான் செய்யும். ஆனால் பொன்னும் இருந்தது.

இப்போது நம் வழக்குக்கு வருவோம். எதிர்த்தவர் கூறிய காரணங்கள் யாவை?

முதற்காரணம்: 'அவர் முறையாக இசை பயின்றவர் அல்லர்.' உண்மைதான். இசைக் கல்லூரியின் படியை அவர் மாணவராக மிதித்தவரில்லை. ஆனால் அவருக்கு முன் அந்நாட்டு ரஞ்சேரா பாட்டின் பேரரசராக விளங்கிய ஹோசே அல்பிரேதோ ஹிமேனெஸ் யார்? 1926இல் பிறந்து 1973இல் மறைந்த அவர் உணவுவிடுதியில் பரிமாறுபவராக இருந்தவர். ஒரு கருவியும் வாசிக்கத் தெரியாதவர். மெட்டை வாயால் பாடியும் சீட்டியடித்தும் காட்டுவார்; தெரிந்தவர் குறித்துக்கொள்வர். அவருடைய பாடல்களை நீக்கிவிட்டால் மெக்சிகோவின் பாட்டுச் செல்வத்தில் பெரும்பள்ளம் விழும். பயிற்சி வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி என்பது வழி. போய்ச் சேர்ந்தவனைப் பார்த்து, 'நீ அந்த வழியாக வரவில்லையே, ஆகையால் நீ இன்னும் வந்து சேரவில்லை' என்று சொல்வது என்ன அறிவு? நாம் அறிவியல் மாணவர். ஒரு முடிவு சரியா தவறா என்று பார்க்கும்போது, சோதனையைத் திரும்பச் செய்து பார்க்கிறோம். சோதித்தவரின் சான்றிதழைத் திரும்பத் திரும்பப் பார்ப்பதில்லை.

இரண்டாம் காரணம்: 'அவர் பாட்டு எளிது, எல்லார்க்கும் புரிகிறது, ஆகையால் மலிவு.' இந்த 'ஆகையால்' என்னும் சொல்லைத்தான் நான் மறுக்கிறேன். எளிமை வேறு, மலிவு வேறு. மலிவான பாட்டு ஒரு பருவம் ஒலித்து ஓய்ந்துவிடும். எளிய பாட்டோ ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்கு மாறிக்கொண்டே போகும்.

ஒரு பாட்டை எடுத்துக்கொள்வோம். 'அமோர் எத்தெர்னோ' என்பது அதன் பெயர். 'அழியா அன்பு' எனலாம். 1974ஆம் ஆண்டின் இறுதியில் அவர் தாயார் இறந்தார். அந்த இழப்பிலிருந்து பிறந்த பாட்டு என்றே மக்கள் இதைப் போற்றுகின்றனர். 1984இல் ரோசியோ தூர்க்கால் என்னும் பாடகி இதைப் பாடிப் புகழ்பெறச் செய்தார். அவர் மெக்சிகோ நாட்டினர் அல்லர். ஸ்பெயின் நாட்டின் மத்ரீது நகரத்தில் பிறந்தவர். மெக்சிகோவை முந்நூறு ஆண்டு ஆண்ட நாட்டிலிருந்து வந்த ஒரு பாடகி, விடுதிப் பள்ளியில் தகரவேலை கற்ற ஒருவரிடம் பாட்டு வாங்கிப் பாடினார். அன்றுமுதல் மெக்சிகோவிலும், அமெரிக்காவில் வாழும் மெக்சிகோ மக்களிடையேயும் சாவு வீட்டில் பாடப்படும் பாட்டு இது. அன்னையர் நாளில் கல்லறைகளின் முன் மரியாச்சிக் குழுக்கள் பாடும் பாட்டு இது. 2019 ஆகஸ்டில், ஹுவாரெஸ் நகரத்துக்கு ஆற்றின் மறுகரையில் உள்ள எல் பாசோ நகரத்தில், ஒரு கடைக்குள் புகுந்து ஒருவன் சுட்டதில் 23 பேர் மாண்டனர். அந்த நகரத்தின் இரங்கல் கூட்டங்களில் மக்கள் பாடியதும் இதே பாட்டுத்தான்.

எண்ணிப் பாருங்கள். துயரத்தில் நாக்கு உலர்ந்து நிற்கும் மனிதனுக்கு ஒரு சொல் வேண்டும். அவனே எழுத முடியாது. எழுதும் நிலையில் அவன் இல்லை. யாரோ ஒருவர் முன்பே எழுதி வைத்திருக்கிறார். அதை எடுத்துத் தன் துயரமாக அவன் பாடுகிறான். இந்தப் பணியை முப்பது, நாற்பது ஆண்டுகளாகச் செய்துவரும் பாட்டை 'மலிவு' என்று சொல்ல எந்த அளவுகோல் துணை நிற்கும்? கூட்டம் கூடுவது உயர்வுக்குச் சான்று என்று நான் வாதாடவில்லை. கூட்டம் எதற்கும் கூடும். கூட்டம் கலைந்து, மேடை அவிழ்ந்து, பாடியவரும் மறைந்த பின்னர், தனியே நிற்கும் ஒருவருக்கு அந்தப் பாட்டு உதவுகிறதா? அதுவே சான்று.

மூன்றாம் காரணத்தைப் பலர் வெளிப்படையாகச் சொல்லவில்லை. ஆனால் மற்றைக் காரணங்களுக்கு அடியில் வேராக நின்றது அதுதான். மெக்சிகோவின் ரஞ்சேரா பாட்டுக்கு ஆண்மையின் உருவம் ஒன்று இருந்தது. ஹோர்கே நெக்ரெட்டே, பெத்ரோ இன்பாண்டே போன்ற திரைப்பட நாயகர் அந்த உருவத்தை நாடெங்கும் பரப்பியிருந்தனர். அகன்ற தொப்பி, குதிரை, இடுப்பிலே துப்பாக்கி, அழாத கண். ஹுவான் கபிரியேலோ மின்னும் உடை உடுத்து வந்தார், நளினமாக அசைந்தார், மேடையில் ஆடினார், அழுதார். அவரைப் பற்றிக் குசுகுசுப்பும் கேலியும் ஓயவில்லை. 2002இல் தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர் அவரிடம் நேராகவே அந்தக் கேள்வியைக் கேட்டார். கண்ணுக்குத் தெரிவதைக் கேள்வியாகக் கேட்பதில்லை என்னும் கருத்தில் அவர் விடை கூறினார். ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை, தலை குனியவும் இல்லை. துப்பாக்கி கட்டிய எந்த நாயகனுக்கும் குறையாத துணிவு அந்த விடையில் இருந்தது.

இனி, எதிர்த்தவர் பக்கத்தில் உள்ள நியாயத்தையும் மறைக்கக் கூடாது. ஒரு வலுவான நியாயம் அவர்களிடம் உண்டு. சிம்பனி இசைக்குச் சந்தை ஆதரவு குறைவு. அரசின் அரங்கு ஒன்றே அதற்குப் புகலிடம். மக்கள் பாடகருக்கோ விளையாட்டுத் திடலும் உண்டு, திரையரங்கும் உண்டு, வானொலியும் உண்டு. எங்கும் செல்லக் கூடியவர், போக்கிடமற்றவரின் வீட்டிலும் வந்து உட்காரலாமா? இது நல்ல கேள்வி. வாரந்தோறும் விலைபோகும் பாட்டுக்கே அந்த அரங்கைக் கொடுத்தால் தேசிய இசைக்குழு தெருவில் நிற்க வேண்டிவரும். அதை நான் ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் நடந்தது என்ன? ஹுவான் கபிரியேல் இசைக்குழுவை வெளியேற்றிவிட்டுப் பாடவில்லை. இசைக்குழுவோடு சேர்ந்து பாடினார். வந்த வருவாய் அந்தத் தேசிய இசைக்குழுவின் நலனுக்கே சென்றது. அந்த அரங்கை அதுவரை கல் மாளிகையாக மட்டும் கண்டிருந்த எத்தனையோ குடும்பங்கள், தங்கள் பாடகருக்குப் பின்னால் வயலின் வரிசைகள் எழுவதை முதன்முறையாகக் கண்டன. விருந்தாளி வந்ததால் வீட்டாருக்கு இழப்பா, வரவா? 'நாட்கள் குறைவு, ஆகையால் அளவோடு கொடுப்போம்' என்று சொல்வது நேர்மையான காரணம். 'நீ தாழ்ந்தவன், ஆகையால் கொடுக்க மாட்டோம்' என்பது நேர்மையான காரணம் அன்று. இரண்டும் ஒரே கதவைச் சாத்தலாம். ஆனால் இரண்டும் ஒன்றல்ல.

அந்த மாளிகையின் வரலாறும் இதைத்தான் சொல்கிறது. 1904இல், போர்பிரியோ தியாஸ் என்னும் வல்லாட்சியாளர் காலத்தில், அதாமோ போவாரி என்னும் இத்தாலியக் கட்டடக் கலைஞர் அதைக் கட்டத் தொடங்கினார். இத்தாலியச் சலவைக்கல், ஐரோப்பியப் பாணி, செல்வர் கூடும் ஆப்பெரா மேடை: நோக்கம் அதுதான். நடுவே 1910இல் புரட்சி வெடித்தது. வேலை நின்றது. முடிந்து திறக்கப்பட்டது 1934இல். அதற்குள் நாடு மாறிவிட்டது. அதன் சுவரில் தியேகோ ரிவேரா தீட்டிய ஓவியம் எது தெரியுமா? நியூயார்க்கில் ராக்பெல்லர் குடும்பத்தார் தங்கள் கட்டடத்துக்காக வரையச் சொல்லி, அதில் லெனின் உருவம் இருந்ததால் அழித்துவிட்ட அதே ஓவியத்தின் மறுவடிவம். பணம் படைத்தோர் சுவரில் இடமில்லை என்று விரட்டப்பட்ட ஓவியம் இந்த அரங்கில் இடம் பெற்றது. தொழிலாளர் கூட்டத்தைச் சுவரில் தீட்டி வைத்துக்கொண்டு, தொழிலாளர் விரும்பும் பாட்டை வாசலில் நிறுத்துவதா? சுவரில் ஏழைக்கு இடம் உண்டு, மேடையில் இல்லை என்றால், அது கலைப்பற்று ஆகாது. படம் மாட்டும் பழக்கம் ஆகும்.

ஹுவான் கபிரியேலின் தொழில் வாழ்வில் இன்னொரு போராட்டமும் உண்டு. அரங்கப் பூசலைவிட அது நீண்டது, அதிகம் பேசப்படாதது. அதையும் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை பாதியில் நின்றுவிடும்.

பாட்டுக்கு இருவகை உரிமை உண்டு. சொல்லையும் மெட்டையும் ஆக்கியதால் வரும் உரிமை ஒன்று. அதைப் பாடிப் பதித்த ஒலிப்பதிவின் உரிமை மற்றொன்று. வேறு யார் அந்தப் பாட்டைப் பாடினாலும் முதல்வகை உரிமை உடையவருக்குப் பங்கு போகும். வறுமையில் இருக்கும் இளைஞன் முதல் ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்போது இவ்வேறுபாட்டை எங்கே அறிவான்? இசைத்தட்டு வெளிவந்தால் போதும் என்று எழுதிக் கொடுத்துவிடுவான். ஹுவான் கபிரியேல் தம் பாடல்களின் உரிமை தமக்கு வேண்டும் என்று பி.எம்.ஜி. நிறுவனத்தோடு வழக்காடினார். 1986 முதல் 1994 வரை, எட்டு ஆண்டுகள், புதுப்பாடல்களின் முழுத்தொகுப்பு ஒன்றையும் பதிக்காமல் இருந்தார். புகழின் உச்சியில் நிற்பவர் எட்டு ஆண்டு வாய்மூடி இருப்பது எளிதா? இரசிகர் மறந்துவிடலாம். புதியவர் இடத்தைப் பிடித்துவிடலாம். வயதோ ஏறிக்கொண்டே போகும். பெல்லாஸ் ஆர்ட்டெஸ் இசைநிகழ்ச்சி நடந்ததும் இந்த எட்டு ஆண்டுக்கு நடுவிலேதான் என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு பக்கம் நிறுவனம், "பாட்டு எங்களுடையது" என்றது. மறுபக்கம் அறிஞர், "அரங்கு எங்களுடையது" என்றனர். அவர் இருவருக்கும் வளையவில்லை.

முடிவில் உடன்பாடு ஏற்பட்டது. பாடல்களின் உரிமை அவரிடம் திரும்ப வழி பிறந்தது. 1994இல் வந்த தொகுப்புக்கு அவர் வைத்த பெயர், 'காத்திருந்தமைக்கு நன்றி' என்று பொருள்படுவது. இந்த வெற்றியில் ஒரு பாடம் உண்டு. பாட்டின் உரிமையை ஆக்கியவன் கேட்பது பேராசை என்று சிலர் நினைக்கின்றனர். நாம் ஆய்வுக் கட்டுரை எழுதினால் அதில் நம் பெயர் விடுபடுவதைப் பொறுப்போமா? பாடகன் மட்டும் புகழை உண்டு வாழ வேண்டும் என்பது என்ன நீதி? உழுதவனுக்கு விளைச்சலில் பங்கு உண்டு என்று நிலத்துக்குச் சொல்லும் நாம், பாட்டுக்கும் அதையே சொல்ல வேண்டும். 1987இல் அவர் தாம் வளர்ந்த ஹுவாரெஸ் நகரத்திலேயே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் அமைத்து, இசையும் கற்பிக்கச் செய்தார் என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். ஒரு தகரவேலை ஆசிரியர் இட்ட விதை அது.

2016 ஆகஸ்டு 28ஆம் நாள் அமெரிக்காவின் சாந்தா மோனிக்கா நகரத்தில் மாரடைப்பால் அவர் மறைந்தார். இரண்டு நாள் முன்புதான் லாஸ் ஏஞ்சலசை ஒட்டிய அரங்கில் பாடியிருந்தார். செப்டம்பரில் அவர் சாம்பலை எங்கே வைத்து மக்கள் வணங்கினர்? அதே பெல்லாஸ் ஆர்ட்டெஸ் மாளிகையில்! வரிசை தெருத்தெருவாக நீண்டது. 1990இல் நுழையலாமா என்று வாதிட்ட வாசல் வழியாகவே நாடு அவருக்கு விடைகொடுத்தது. 2025 நவம்பரில் தலைநகரத்தின் சோகலோ சதுக்கத்தில் அந்த 1990ஆம் ஆண்டு நிகழ்ச்சியின் படச்சுருளைத் திரையிட்டபோது பெருங்கூட்டம் திரண்டு, உடன்சேர்ந்து பாடியது.

ஆனால் பூசல் சாவோடு ஓயவில்லை. அவர் இறந்த சில நாட்களில், மெக்சிகோவின் தேசியப் பல்கலைக்கழகத்துத் தொலைக்காட்சியின் இயக்குநர் ஓர் இதழில் எழுதினார். ஹுவான் கபிரியேலின் பாட்டும் மினுக்கு உடையும் தமக்குப் பிடிக்காதவை என்றும், அவை பாமரத்தனமானவை என்றும் பொருள்பட, இழிசொற்களோடு எழுதினார். எதிர்ப்பு எழுந்தது. அவர் பதவி விலகினார். பிடிக்கவில்லை என்று சொல்ல அவருக்கு உரிமை உண்டு. அந்த உரிமைக்காக நானும் வாதாடுவேன். ஆனால் ஒரு பாட்டைப் பிடிக்கவில்லை என்பதும், அதைப் பாடுகிற மக்களைப் பாமரர் என்று இகழ்வதும் ஒன்றா? பின்னதைச் சொன்னவர் தெருவில் போகும் ஒருவர் அல்லர், பல்கலைக்கழகத்தார். இதுதான் என் நெஞ்சைத் தைக்கிறது. கல்வி நமக்குக் காதைத் திறக்க வேண்டும். பல வேளைகளில் அது காதில் பூட்டுப் போட்டு, சாவியைத் 'தரம்' என்று பெயரிட்டு நம் இடுப்பில் செருகிவிடுகிறது.

நண்பர்களே, நம் சங்கத்தின் ஆண்டுவிழாவுக்கு நிகழ்ச்சிகளைத் தேர்ந்தெடுக்கும் காலம் வருகிறது. எந்தப் பாட்டுக்கு இடம், எதற்கு இல்லை என்னும் பேச்சு ஒவ்வோர் ஆண்டும் எழுகிறது. தமிழ்நாட்டை விட்டு வந்து வாழும் நமக்கு இந்த மேடை ஒன்றே இருப்பதால் அந்தப் பேச்சில் சூடும் கூடுகிறது. 'செவ்விசை மட்டும்' என்கிறது ஒரு குரல்; 'திரைப்பாட்டு இல்லாவிட்டால் யார் வருவார்' என்கிறது மற்றொன்று. இரண்டும் பெயர்ப்பலகையைப் பார்த்துப் பேசும் குரல்கள் என்பேன். பாட்டைக் கேட்டுப் பேசும் குரல் எங்கே? என் பெற்றோர் பிழைப்புக்காக வடக்கே வந்தபோது இசைக் கல்வியை எடுத்து வரவில்லை. அம்மாவுக்குத் தெரிந்த தாலாட்டும் அப்பாவுக்குத் தெரிந்த நடவுப்பாட்டும் சில பழைய திரைப்பாட்டுமே வந்தன. என் தமிழ் அந்த வழியாகத்தான் எனக்கு வந்தது. இந்த மேடையில் நிற்கும் பலருடைய தமிழும் அப்படித்தான் வந்திருக்கும்.

ஆகவே ஒரு யோசனை கூறுகிறேன். 1970களுக்குப் பிறகு அமெரிக்க இசைக்குழுக்கள் பல, ஆள் எடுக்கும்போது நடுவே திரை கட்டி, வாசிப்பவரைப் பாராமல் வாசிப்பை மட்டும் கேட்கும் முறையைக் கைக்கொண்டன. நாமும் அவ்வாறே செய்வோம். பாட வருபவர் திரைக்குப் பின்னால் நின்று பாடட்டும். செவ்விசையா, நாட்டுப்பாட்டா, திரைப்பாட்டா என்னும் பட்டியலைத் தேர்வுக்குழுவிடம் முன்கூட்டியே கொடுக்க வேண்டாம். நன்றாகப் பயின்று வந்திருக்கிறாரா, சொல் தெளிவாக இருக்கிறதா, கேட்டபின் நெஞ்சில் ஏதேனும் தங்குகிறதா என்னும் மூன்றை மட்டும் பார்த்து மதிப்பெண் இடட்டும். செவ்விசைக்கு நேரம் குறைந்துவிடும் என்று அஞ்சுவோர் இருந்தால், அதற்கென்று ஒரு பகுதி நேரத்தை முன்பே ஒதுக்கிவிடலாம். அது நேர்மையான ஏற்பாடு. இவ்வளவையும் செய்தபின் ஒரு பாட்டு தேறவில்லையா? தயங்காமல் தள்ளுங்கள். கேட்டுத் தள்ளுங்கள், கேளாமல் தள்ளாதீர்கள்.